தொட்டிச் செடிக்குப் பட்ட கடன்

தரையில் முளைத்த செடி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். மேல்மண் காய்ந்தால் வேர் கீழே இறங்கும். குறுக்கே கல் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். நிழல் கவிந்தால் தண்டு வெளிச்சம் இருக்கும் பக்கம் சாயும். அதே செடியைப் பிடுங்கி ஒரு தொட்டியில் வைத்த நாளோடு இந்தத் தேடல் முடிந்துவிடுகிறது. வேர் போகக்கூடிய தூரம் ஒரு சாண் அல்லது இரண்டு சாண், அதற்கப்பால் சுவர். அந்தத் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் விளக்கின் கீழே வைத்துவிட்டால் மழை, வெயில், காற்று, இரவு எல்லாமே ஒரு மனிதரின் கையால் வரவேண்டியவை ஆகின்றன. ஓர் உயிரின் பிழைப்பு முழுவதையும் இப்படித் தன் கைக்கு மாற்றிக்கொண்டவர் அந்த உயிருக்கு ஏதேனும் கடன்பட்டவர் ஆகிறாரா என்பது, சின்னதாகத் தோன்றினாலும் சமயங்களும் தத்துவங்களும் வெவ்வேறு வாசல்களில் நின்று விசாரித்த கேள்வி.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். செடியைப் பற்றிய கடமை வேறு, செடிக்கே உரிய கடமை வேறு. ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், ஊற்றுவதாக ஒப்புக்கொண்டவரின் கடமை அந்த மனிதருக்கு. செடி அதில் பொருள் மட்டுமே. இம்மானுவேல் கான்ட் 1797இல் வெளியிட்ட அறநூலில் இந்தப் பாதையிலேயே நடக்கிறார். அழகான செடிகொடிகளைக் காரணமின்றி அழிப்பது தவறுதான். ஆனால் அது மனிதன் தனக்குத் தானே செய்துகொள்ளும் தவறு, பிறவற்றைப் பயன் கருதாமல் நேசிக்கும் குணம் அவனுக்குள் மழுங்கிவிடும் என்பது அவருடைய விளக்கம். செடிக்கு அங்கே எந்த உரிமைப்பாடும் இல்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது: அண்டை வீட்டாரும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை, மழுங்குவதற்கு நற்குணமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்; அப்போதும் அந்தச் செடிக்கு என்று ஏதாவது மிஞ்சுகிறதா?

பதில் தேடுவதற்கு முன் தொட்டி என்பது செடிக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு அறம் பேசுவது எளிது; ஆனால் அந்தப் பேச்சு காற்றில் நிற்கும்.

1937இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர் ஒரே ஒரு ரை தானியச் செடியை மரப்பெட்டி ஒன்றில் நான்கு மாதம் வளர்த்து, பிறகு மண்ணைக் கழுவி எடுத்து, வேரை அளந்தார். பெட்டி ஓர் அடி அகலம், ஓர் அடி நீளம். ஆழம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இருந்த வேர்களின் மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். சென்னையில் புறப்பட்டுத் திருநெல்வேலி போய்ச் சேரும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். வேர்த்தூவிகளின் எண்ணிக்கை 1,400 கோடி. ஒரு புல்லினச் செடி, நான்கே மாதத்தில், ஒரு பெட்டிக்குள் இவ்வளவு தேடியிருக்கிறது. தொட்டியைக் கையில் எடுக்கும் எவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய கணக்கு இது. மேலே தெரியும் நாலு இலையை விடப் பெரிய வாழ்க்கை கீழே நடக்கிறது. தொட்டி அடைப்பது அந்த வாழ்க்கையைத்தான்.

இன்னொரு தொட்டி அதைவிடப் பழையது. பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரம் 169 ராத்தல். மண்ணை உலர்த்தி எடை போட்டபோது குறைந்திருந்தது இரண்டு அவுன்ஸ் அளவுதான். அவர் இறந்த பிறகு 1648இல் அச்சான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலிருந்தும் செடி தன் உடலைக் கட்டிக்கொள்கிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்தத் தொட்டி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தேடத்தான் அவ்வளவு வேர்.

தொட்டியின் அளவைப் பற்றி 2012இல் ஹென்ட்ரிக் பூர்ட்டரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். தொட்டியின் கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் செடியின் உடல் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. அதாவது கடையில் எந்தத் தொட்டியைக் கையில் எடுக்கிறோமோ, அந்தக் கணத்திலேயே அந்த உயிர் எவ்வளவு வளரலாம் என்பதில் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது. பெரியதாகப் பார்த்து எடுத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. சின்ன நாற்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் அதன் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கி, காற்று புகாமல், வேர் அழுகும். அதனால்தான் தோட்டக்காரர்கள் சின்னதில் தொடங்கி, வேர் மண்ணைப் பற்றிக்கொண்ட பிறகு அடுத்த அளவுக்கு மாற்றி நடுகிறார்கள். குழந்தைக்குச் சட்டை தைப்பது போல, வளர வளர அளவெடுக்க வேண்டிய வேலை அது.

தொட்டியின் வகையும் செடியின் வாழ்வை மாற்றும். சுட்ட மண் தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியே விடும். வேருக்குக் கொஞ்சம் காற்று கிடைக்கும், தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கில் ஈரம் நெடுநாள் நிற்கும். வழவழப்பான கெட்டிச் சுவரை எட்டிய வேர் வழி கிடைக்காமல் அதை ஒட்டியே வட்டமாகச் சுற்றும். அப்படிச் சுருண்ட வேரைப் பின்னால் தரையில் நட்டாலும் அது பழைய வட்டத்தை விடுவதில்லை, சில மரங்களில் அதுவே தண்டை நெரித்துவிடும். துணிப் பையில் நட்டால் வேரின் நுனி சுவரருகே காற்றைத் தொட்டதும் காய்ந்து நிற்கும். பின்னால் பக்கவேர்கள் கிளைக்கும். ஒரே செடிதான், சுவர் மாறினால் அது வளரும் விதம் மாறிவிடுகிறது.

அன்பிருந்தும் அறிவில்லாமல் செய்யும் தவறுக்கு நல்ல எடுத்துக்காட்டு தொட்டியின் அடியில் கூழாங்கல் போடும் வழக்கம். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். நடப்பது வேறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடித்துக்கொண்டால், சொட்டுவது நின்ற பிறகும் அதில் நிறையத் தண்ணீர் இருக்கும். அப்படியே அதைச் செங்குத்தாக நிமிர்த்தினால் இன்னும் கொஞ்சம் ஒழுகும். ஆழம் கூடினால் தண்ணீர் இறங்கும், குறைந்தால் தங்கும். தொட்டி மண்ணும் அந்த ஸ்பாஞ்சு போலத்தான். அடியில் எப்போதும் ஒரு பட்டை ஈரம் தங்கியே இருக்கும். கூழாங்கல் போட்டால் அந்த ஈரப்பட்டை கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகே ஏறிவிடும். துளைக்கு மேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்து, மண்ணிலேயே மணலோ தென்னை நார்க்கழிவோ கலந்து இளக்கமாக்குவது அதைவிட நல்லது. அடியில் துளையே இல்லாத அழகுத் தொட்டியில் வைத்த செடியின் கதை பெரும்பாலும் அழுகலில்தான் முடியும்.

இப்படிப்பட்ட உயிரைப் பழைய நூல்கள் எப்படிப் பார்த்தன? தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. ஓரறிவு உயிரில் தொடங்கி ஆறறிவு மனிதர் வரை போகும் அந்த வரிசையில் புல்லும் மரமும் முதல் படியில் இருக்கின்றன. அவற்றுக்கு உள்ள ஓர் அறிவு தொடுகை. இதைக் கீழ்ப்படி என்று படிக்கலாம். வேறு விதமாகவும் படிக்கலாம்: உயிர் என்ற வரிசைக்கு உள்ளேதான் புல் நிற்கிறது, கல்லோடு வெளியே நிற்கவில்லை. இரண்டாவது வாசிப்பே நூலின் போக்குக்கு நெருக்கமானது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பிருகுவுக்கும் பரத்வாசருக்கும் நடக்கும் உரையாடலில் இன்னும் துணிச்சலான வாதம் வருகிறது. வெயிலில் இலை வாடுவதால் மரத்துக்குத் தொடுகை உண்டு. கொடி வழி தேடிப் போவதால் அதற்குப் பார்வை போன்ற ஒன்று உண்டு. நல்ல புகையால் நோய் நீங்குவதால் மோப்பம் உண்டு என்று ஒவ்வொரு புலனாகச் சொல்லி, மரங்களுக்கும் இன்ப துன்பம் உண்டென்று பிருகு முடிக்கிறார். சான்று காட்டும் முறை இன்றைய அறிவியலுடையது அன்று. ஆனால் செடி எதிர்வினை செய்வதை உற்றுப் பார்த்து அதிலிருந்து வாதிடும் பழக்கம் அங்கே தொடங்கிவிட்டது.

சமணம் இதை வாழ்க்கை முறையாகவே ஆக்கியது. செடிகொடிகள் தொடுவுணர்வு மட்டுமுள்ள ஓரறிவு உயிர்கள். மண்ணிலும் நீரிலும்கூட உயிர்கள் உண்டு. கிழங்குகளை உண்ணாமல் தவிர்ப்பது, ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் தங்கியிருக்கின்றன என்ற எண்ணத்தால். பௌத்தத் துறவிகளுக்கான விநய விதிகளில் செடியைச் சேதப்படுத்துவது ஒரு குற்றம். அதற்கு முந்தைய விதி நிலத்தைத் தோண்டுவதையே தடுக்கிறது. வேர், தண்டு, கணு, துளிர், விதை என்று செடி பெருகும் ஐந்து வழிகளையும் அந்த மரபு எண்ணி வைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது: இந்த விநய விதிகள் துறவிக்கு உரியவை. இல்லறத்தார் உழுதும் நட்டும் விளைவித்த சோற்றைத்தான் துறவி பிச்சையாக ஏற்றார். எவரும் செடியைத் தொடக்கூடாது என்று எந்த மரபும் சொல்லவில்லை. சொன்னால் உலகம் நடக்காது. ஜப்பானிய தெந்தாய் பௌத்தம் இன்னும் ஒரு படி ஏறி, புல்லும் மரமும் புத்தநிலை அடையும் என்று வாதிட்டது. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரியோகென் அந்த வாதத்தின் முக்கியமான குரல்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் செடிக்கு ஆன்மா உண்டென்றார்: உண்பதும் வளர்வதும் தன்னைப்போல் இன்னொன்றை ஈனுவதும் அதன் தொழில்கள். வேரைச் செடியின் வாய் என்றும் சொன்னார். அந்தக் கண்ணோட்டத்தில் தொட்டி ஒரு தட்டு. இட்டதைத்தான் உண்ண முடியும். அதே அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் செடிகள் விலங்குகளுக்காகவும் விலங்குகள் மனிதருக்காகவும் இருக்கின்றன என்று எழுதினார். ஐரோப்பியச் சிந்தனையில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது இந்த இரண்டாவது கருத்து. ஆனால் முதல் கருத்தில் இருக்கும் ஒரு நுட்பத்தை விட்டுவிடக் கூடாது. உயிருள்ளவை அனைத்துக்கும் மிக இயல்பான செயல் தன்னைப் போன்ற ஒன்றை உண்டாக்குவது. அழியக்கூடிய உயிர் நிலைபேற்றில் பங்கு கொள்ளும் ஒரே வழி அதுதான் என்கிறார்.

இந்த நுட்பம் கூர்மையாக உறைக்கும் இடம் வீட்டுக்குள் வளர்க்கும் கஞ்சாச் செடி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் தன் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று செடிகள் வரை வளர்க்கலாம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 முதல் வீட்டுக்கு நான்கு. மால்டாவில் 2021 முதல் நான்கு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி தொட்டியில் ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்ப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டங்கள் எண்ணுவது தொட்டிகளை. அவை கவலைப்படுவது குழந்தைகளின் கைக்கு எட்டாமல் இருப்பது, மனிதரின் உடல்நலம், கள்ளச் சந்தை ஆகியவற்றைப் பற்றி. அந்தக் கவலைகள் நியாயமானவை. செடியின் பக்கத்தைச் சட்டம் பேசுவதில்லை, பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தொட்டியின் தர்க்கம் அதன் எல்லை வரை போவது தெரியும். உட்புறம் வெள்ளி நிறமாகப் பளபளக்கும் ஒரு துணிக் கூடாரம், மேலே விளக்கு, ஓரத்தில் ஒரு சின்ன விசிறி. காற்றில் ஆடாத தண்டு மெலிந்தே வளரும் என்பதால் விசிறி. கஞ்சா இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இலையுதிர் காலம் நெருங்கி இரவு நீளும்போதுதான் பூப்பிடிக்கும். கூடாரத்துக்குள் அந்தக் காலத்தை உண்டாக்குவது ஒரு கடிகார ஸ்விட்ச். பதினெட்டு மணி நேரம் எரிந்த விளக்கைப் பன்னிரண்டாகக் குறைத்ததும் செடி கோடை முடிந்ததென்று எடுத்துக்கொள்கிறது. இருட்டு நேரத்தில் கதவிடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்தால் அதன் கணக்குக் குழம்பும். ஆகவே வளர்ப்பவர் ஒளியைக் கொடுப்பதோடு இருட்டையும் காவல் காக்க வேண்டியவர் ஆகிறார். ஓர் உயிருக்கு ஆண்டின் பருவத்தையே இன்னொருவர் முடிவு செய்வது இதில் நடக்கிறது.

அடுத்தது இனப்பெருக்கம். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கணுவில் சிறு மணிபோல் மொட்டுக் கட்டினால் ஆண். இரண்டு வெண்ணிற இழைகள் நீட்டினால் பெண். ஆண் செடி கண்ணில் பட்டதும் பிடுங்கப்படுகிறது. மகரந்தம் வராத பெண் செடி மேலும் மேலும் பூவெடுத்துப் பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். மனிதருக்கு வேண்டியது அந்தப் பிசின். இது புதிய வழக்கம் அன்று. 1893–94இல் விசாரித்த இந்தியச் சணல் மருந்துகள் ஆணையத்தின் அறிக்கை, வங்காளத்துக் கஞ்சா வயல்களில் ஆண் செடிகளைக் கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. அரிஸ்டாட்டிலின் அளவுகோலால் பார்த்தால் அந்தப் பெண் செடிக்கு மிக இயல்பான செயல் மறுக்கப்பட்டிருக்கிறது. மறுப்பிலேயே அதன் விலை இருக்கிறது.

ரஸ்தஃபாரி சமயத்தார் கஞ்சாவைப் புனித மூலிகையாகக் கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். விதை தரும் பூண்டுகளைக் கடவுள் மனிதருக்குக் கொடுத்தார் என்று அங்கே வருகிறது. ஜமைக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒரு வீட்டில் ஐந்து செடிகள் வரை இருப்பதைக் குற்ற வரம்பிலிருந்து விலக்கி, ரஸ்தஃபாரியரின் வழிபாட்டுப் பயன்பாட்டுக்கும் இடம் தந்தது. அந்த விவிலிய இடத்தைக் கவனமாகப் படிக்கும் எவரும் அதில் செடிக்குத் தரப்பட்ட அடைமொழியில் நிற்க வேண்டும். கொடுக்கப்பட்டது வெறும் பூண்டு அன்று, விதை தரும் பூண்டு. கொடையின் உள்ளேயே செடி தன் அடுத்த தலைமுறையைச் சுமந்து நிற்கிறது. விதையில்லாமல் வளர்ப்பது அந்தக் கொடையை ஏற்பதா, பாதியாக வெட்டி ஏற்பதா என்பது அந்தச் சமயத்தின் உள்ளிருந்தே எழக்கூடிய கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். நெல்லை என்ன செய்கிறோம்? விதையைத்தானே குத்திச் சோறாக்குகிறோம். விதையில்லாத் திராட்சை, வாழை என்று எத்தனையோ பயிரில் இதே மறுப்பு இருக்கிறதே. உண்மை. ஆனால் நெல் விளைந்த வீட்டில் விதைநெல் என்று ஒரு கோட்டை தனியாக இருந்தது. பஞ்ச காலத்திலும் அதைத் தொடுவது கடைசி நாளின் செயலாகத்தான் கருதப்பட்டது. வாழைக்கு விதை இல்லை, பக்கக் கன்று உண்டு. பயிரின் நோக்கத்தில் ஒரு பங்கை அதற்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உழவில் இருந்தது. உழவனுக்கு அதில் தன்னலமும் உண்டு. இருந்தாலும் அது திருப்பிக் கொடுத்தல்தான். ஒவ்வொரு முறையும் விதையைக் கடையில் வாங்கி, முளைக்கவைத்து, பூவை வெட்டி, தொட்டியைக் காலி செய்யும் முறையில் அந்தப் பங்கு இல்லை.

சுவிட்சர்லாந்து இந்தக் கேள்வியை அரசமைப்புக்குள்ளேயே கொண்டுவந்த நாடு. உயிரினங்களின் மாண்பை மரபணுத் தொழில்நுட்பத்தில் மதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1992இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, இப்போதைய அரசமைப்பின் 120ஆம் பிரிவில் இருக்கிறது. உயிரினம் என்றால் செடியும் உண்டே, அதன் மாண்பு என்ன என்று ஆராய்ந்த கூட்டாட்சி அறநெறிக் குழு 2008இல் அறிக்கை தந்தது. வயலிலிருந்து வீடு திரும்பும் உழவர் ஒருவர் வழியோரக் காட்டுப்பூக்களின் தலையைக் காரணமே இல்லாமல் சீவிக்கொண்டு போவதை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அப்படிக் காரணமின்றிச் செடியைச் சேதப்படுத்துவது அறத்துக்கு ஒவ்வாதது என்பதில் குழுவினர் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். ஏன் ஒவ்வாதது என்பதில் ஒன்றுபடவில்லை. செடியை முழுக்க முழுக்கக் கருவியாக ஆக்குவதற்கு நியாயம் சொல்லியாக வேண்டும் என்பது பெரும்பான்மையின் கருத்து. அந்த அறிக்கையைக் கேலி செய்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். செடியைத் தொடாதே என்று அது சொல்லவில்லை. காரணம் கேட்டது, அவ்வளவே. வலியால் துடிக்கும் நோயாளிக்கு மருந்தாகும் செடிக்கும், பொழுது போகாமல் நட்டு மறந்துபோன செடிக்கும் வேறுபாடு உண்டென்று சொல்ல அந்த அளவு போதும்.

மிகக் கடினமான மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. செடிக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை. வலி என்று ஒன்று அதற்கு இருக்க வாய்ப்பில்லை. லிங்கன் டைஸும் வேறு பல தாவரவியலாளர்களும் 2019இல், செடிகளுக்கு நனவு இல்லை, அது அவற்றுக்குத் தேவையும் இல்லை என்று எழுதினார்கள். மறுபக்கம் மோனிக்கா கலியானோ 2014இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் திரும்பத் திரும்ப விழவைத்தார். முதலில் இலை மூடியது. கெடுதல் இல்லையென்று ஆனபின் மூடுவது நின்றது. 28 நாள் கழித்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. இதைக் கற்றல் என்று சொல்லலாமா என்பதில் இன்றும் சண்டை. ஜகதீஷ் சந்திர போஸ் அதே தொட்டாற்சிணுங்கியை வைத்துச் செடியின் மின் துடிப்புகளை அளந்த காலத்திலிருந்தே இந்தச் சண்டை ஓயவில்லை. இப்போதைக்குச் சான்றின் எடை வலி இல்லை என்பவர்கள் பக்கம்தான் அதிகம். அதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி விழுந்துவிடுவதில்லை. கடன் என்ற தமிழ்ச் சொல் கடமையையும் குறிக்கும், வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய நிலையையும் குறிக்கும். வலி இருந்தால்தான் கடன் என்று எங்கும் விதி இல்லை. எடுத்துக்கொண்டால் கடன். பறம்பு மலைப் பாரி, படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரை நிறுத்திவிட்டுப் போனான். அந்த முல்லையை அவன் நடவில்லை. அது அவனை நம்பி முளைக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே அது கொடை, கொடையில் மிக உயர்ந்தது. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாருக்கும் அந்தப் பயிருக்கும் கணக்கு வழக்கு ஒன்றும் இல்லை, அது கருணை. தொட்டியில் செடி வைத்தவரின் நிலை இந்த இரண்டிலும் சேராது. நிலத்தடி ஈரத்தைத் தேடிப் போகும் வழியை அவர்தான் அடைத்தார். மழையை அவர்தான் கூரை போட்டு நிறுத்தினார். எடுத்துக்கொண்ட அந்த வழிகளுக்கு ஈடாக அவர் ஊற்றும் ஒரு செம்பு தண்ணீர், கொடையும் ஆகாது, கருணையும் ஆகாது. அது வட்டி. செடிக்கு வலிக்கிறதா என்ற ஆய்வு எந்தப் பக்கம் முடிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வாடுவது என்பது செடிக்குக் கெடுதல் என்று சொல்ல நரம்பு தேவையில்லை.

துளசி மாடம் இந்தக் கணக்கை ஒரு சடங்காகவே கட்டி வைத்திருக்கிறது. அதுவும் ஒரு தொட்டிதான். ஆனால் முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ், மனிதரின் இடுப்புக்கு மேலே எழுப்பிய தொட்டி. காலையில் தண்ணீர் விடுவதும் வலம் வருவதும் ஒரே செயலாகிவிட்டன. பூசை தவறக்கூடாது என்பதால் தண்ணீரும் தவறவில்லை. அதைவிட முக்கியம் பறிப்பதற்கு உள்ள தடைகள். துவாதசியில் பறிக்கக்கூடாது, பொழுது சாய்ந்தபின் பறிக்கக்கூடாது, நகத்தால் கிள்ளக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தடைகளுக்குப் புராணக் காரணங்கள் உண்டு. அவற்றின் பயன், செடிக்கென்று சில நாளும் சில பொழுதும் ஒதுங்குகின்றன என்பது. தொட்டியின் உரிமையாளர் கையை மடக்கிக்கொள்ளும் நேரம் அது. கடிகார ஸ்விட்சு ஆளும் கூடாரத்துக்குள் இல்லாதது இதுதான். விளக்கும் விசிறியும் தவறாமல் இயங்கினாலும் வளர்ப்பவரின் கைக்கு அங்கே ஓய்வுநாள் கிடையாது.

தொட்டியே சிறை என்று முடிவு கட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒரு மரம் இருக்கிறது. ஜப்பானில் போன்சாயாக 1625ஆம் ஆண்டிலிருந்து வளர்க்கப்பட்டு வரும் ஒரு வெள்ளைப் பைன். போன்சாய்க் கலையில் வேரையும் கிளையையும் வெட்டி வெட்டித்தான் மரத்தைக் குறுக்குகிறார்கள். கட்டுப்பாடு என்று பார்த்தால் அதைவிடக் கடுமையான தொட்டி வாழ்வு இல்லை. ஆனால் அதை வளர்த்த யமகி குடும்பத்தில் ஒரு தலைமுறை கைவிட்டிருந்தால் மரம் ஒரு கோடையைத் தாண்டியிருக்காது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மண்ணை மாற்றினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்தப் பைன் மூன்று கிலோமீட்டர் தொலைவில், யமகி வீட்டு மதில் மறைவில் இருந்தது. பிழைத்தது. 1976இல் மசாரு யமகி அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளித்தார். வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவில் வைத்தார்கள். குண்டுவீச்சில் தப்பிய மரம் என்பது 2001இல் அவருடைய பேரன்கள் அங்கே வந்து சொன்ன பிறகுதான் பூங்காவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை கால் நூற்றாண்டாக அவர்கள் அதன் கதை தெரியாமலேயே அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.